சைக்கிளில் நாடு சுற்ற: முதலில் சாலை, அப்புறம் வண்டி

கன்னியாகுமரியிலிருந்து வடக்கே சைக்கிளில் போக நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "என்ன வண்டி வாங்கலாம்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். எந்தச் சாலையில் போகிறோம், இரவில் எங்கே படுக்கிறோம் என்ற இரண்டும் முடிவாகிவிட்டால் வண்டி தானாக முடிவாகிவிடும். வழியில் நாலு பேரைப் பார்க்க வேண்டும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூரத்தைச் சீக்கிரம் கடக்க உதவும் எதுவும் மனிதர்களிடமிருந்து நம்மைக் கொஞ்சம் தள்ளியே வைக்கும். சாலைக்கும் இது பொருந்தும், தங்கும் இடத்துக்கும் பொருந்தும்.

நான்குவழிச் சாலையா, கடற்கரையா, உள்சாலையா

தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. நீளம் சுமார் 3,745 கி.மீ. நாளுக்கு 80 கி.மீ. மிதித்தால் 47 நாள், 100 மிதித்தால் 38 நாள். ஓய்வு நாட்கள், மழை, பழுது எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. வழி கேட்கவே தேவையில்லை. பெட்ரோல் பங்க், தாபா, சுங்கச்சாவடிக் கழிப்பறை என்று சீரான இடைவெளியில் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது. விபத்து என்றால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

அதன் குறை, அது ஊர்களைத் தொடுவதில்லை. நாமக்கல், கர்னூல், ஜான்சி எல்லாம் பலகையில் பெயராக வந்து போகும். சாலை புறவழியாக ஒதுங்கிவிடும். இந்த வழியில் பழகக் கிடைப்பவர்கள் லாரி ஓட்டுநர்கள், தாபாக்காரர்கள், பஞ்சர் கடைக்காரர்கள். அவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. நாமக்கல் லாரியில் வருகிற ஓட்டுநர் மத்தியப் பிரதேசத்துத் தாபாவில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டார். ஆனால் அந்தப் பேச்சு சாப்பிட்டு முடிக்கும் வரைதான், அவர் வண்டியை எடுத்தாக வேண்டும்.

இந்தச் சாலையில் சிக்கல்கள் குறிப்பிட்ட இடங்களில்தான் வரும். ஓரப் பட்டை மேம்பாலம் தொடங்கும் இடத்தில் திடீரென்று காணாமல் போகும். பின்னால் பார்க்காமல் நேராகப் போனால் நேரே லாரித் தடத்தில் நிற்பீர்கள். ஓரத்தில் நிறுத்திய லாரியைச் சுற்றிப் போகும்போதும் அப்படித்தான், அதனால் வலது பக்கம் ஒரு கண்ணாடி கட்டாயம். எதிர்த்திசையில் வரும் பைக்குகள் இதே ஓரத்தில்தான் வரும். வெடித்த லாரி டயர்கள் சிதறிய இடங்களில் மயிரிழைக் கம்பிகள் கிடக்கும். அவை டயரில் ஏறி உள்ளேயே இருந்துவிடும். பஞ்சர் ஒட்டியும் மறுபடி காற்று இறங்கினால் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், கம்பி முனை தட்டுப்படும். பிடுங்க ஒரு சிறிய சிமிட்டா வேண்டும்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் கனரக வண்டிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் இடமாகப் பெயர் பெற்றது. வடக்கே போகிறவர்களுக்கு அது ஏற்றம். விடிந்த உடனே கடந்துவிட வேண்டும். தெற்கே வருகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் தென்மேற்குப் பருவக் காலத்தில் காற்று முகத்தில் அறையும். அங்கே காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பெங்களூரு – மைசூரு அதிவேகச் சாலை மாதிரியான கட்டுப்பாட்டுச் சாலைகளில் சைக்கிளை விடமாட்டார்கள், சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

கடற்கரை வழி என்றால் தேசிய நெடுஞ்சாலை 66, கன்னியாகுமரியிலிருந்து மும்பைக்குப் பக்கத்துப் பன்வேல் வரை ஏறத்தாழ 1,600 கி.மீ. கேரளத்தில் ஊர் முடிவதே தெரியாது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கடை, வீடு, ஆள். ஆனால் சாலையில் இடம் குறைவு, நெரிசல் அதிகம். கார்வார் தாண்டிய பிறகு காட்சி மாறும். மகாராஷ்டிரத்தில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, கடலை ஒட்டிய மாநிலச் சாலையைப் பிடிப்பதே உசிதம். ஜெய்கட் – தவ்சால், தாபோல் – தோபாவே, வேஸ்வி – பாக்மண்ட்லா, திகி – அகர்தண்டா என்று கழிமுகங்களைப் படகில் கடக்கலாம், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். படகு வரும் வரை காத்திருக்கும் நேரம்தான் அந்த ஊர் மக்களோடு பேசக் கிடைக்கும் நேரம். ஆனால் ஒவ்வொரு கழிமுகத்துக்கும் கடல்மட்டத்துக்கு இறங்கி மறுபடி மேட்டுக்கு ஏற வேண்டும். தூரம் சிறியது, சரிவு கடுமையானது. கியர் இல்லாத வண்டி என்றால் பாதி நேரம் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். நாளுக்கு 50 கி.மீ.க்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது வழி, மாநிலச் சாலைகளையும் கிராமச் சாலைகளையும் கோத்துக்கொண்டு போவது. நெடுஞ்சாலைத் தூரத்தோடு ஒப்பிட்டால் கால் பங்காவது கூடும். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்த பிறகு இது நடைமுறையில் கைகூடும் வழியாகிவிட்டது. மூன்றேமுக்கால் மீட்டர் அகலத்தில் தார் போட்ட சாலைகள் இப்போது உள்ளூர்களுக்குப் போகின்றன. பஸ் ஒன்று வந்தால் மண்ணில் இறங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பாமல் மைல்கல்லையும் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநிலச் சாலை, ஆரஞ்சாக இருந்தால் கிராமச் சாலை. பச்சையும் ஆரஞ்சும் கலந்த நாள்தான் நல்ல நாள்.

உள்சாலையில் வரும் தொல்லைகள் வேறு மாதிரி. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் சீமைக்கருவேல முள் சாலை ஓரமெங்கும் கிடக்கும். இதே மரம் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் உண்டு. நிழலுக்கு என்று வண்டியை மண்ணில் இறக்காமல், தூக்கிக்கொண்டு போங்கள். மழைக்குப் பின் தரைப்பாலம் மூழ்கியிருந்தால் தண்ணீரின் ஆழத்தை உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. காட்டு வழி வந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கே தடை. பகலிலும் வனத்துறைச் சாவடியில் சைக்கிளை மறுத்தால் வாதாடாமல் பிக்கப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் தீர்ப்பு இதுதான்: மூன்று மாதம் கையில் இருந்தால் முழுக்க உள்சாலை. இரண்டு மாதம்தான் என்றால், ஆள் நடமாட்டம் குறைந்த நீண்ட பகுதிகளை நெடுஞ்சாலையில் தாண்டிவிட்டு மீதியை உள்ளே கழியுங்கள். ஒரு மாதம்தான் என்றால் நாடு முழுவதையும் விட்டுவிட்டு ஒரே கடற்கரை அல்லது ஒரே மாநிலம். உவரி, திருச்செந்தூர், வேம்பார், தொண்டி, வேதாரண்யம் என்று கிழக்குக் கடற்கரையில் சென்னை வரை போவதே ஒரு மாதத்தைச் செலவிடத் தகுந்த பயணம்.

வண்டி: கறுப்பு சைக்கிள், ஹைப்ரிட், கியர் வைத்த 26

பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு சைக்கிளைக் கேலியாகப் பார்க்க வேண்டாம். விலை ஆறேழாயிரம். 28 × 1½ டயர், பின் சக்கரத்தில் 40 கம்பி, ஏறத்தாழ 20 கிலோ எடை. ஜார்க்கண்டில் ராம்கட், ஹசாரிபாக் பக்கம் இதே வண்டியில் 200 கிலோவுக்கு மேல் நிலக்கரி மூட்டை கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சுமைக்கு அதைவிட நம்பகமான வண்டி கிடையாது. எந்தக் கிராமத்திலும் இதற்கு டயர், டியூப், கம்பி, பால்ரஸ், பிரேக் கட்டை கிடைக்கும். டியூப்பில் காற்று இறங்குகிறது என்றால் பாதி நேரம் பஞ்சரே இருக்காது; வால்வின் மேல் மாட்டும் சின்ன ரப்பர் குழாயான வால் டியூப் வெடித்திருக்கும், ஐந்து நிமிட வேலை.

ஒரே குறை ஏற்றமும் இறக்கமும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலை ஒரு சுற்றுச் சுற்ற வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். சமதளத்துக்கு அது சரி, மலையில் முழங்காலை உடைக்கும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் மாட்டினால் 4.4 மீட்டராகக் குறையும். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். கம்பி பிரேக் மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் சரியாகப் பிடிக்காது. மலை இறக்கத்தில் மழை என்றால் இறங்கி நடப்பது ஒன்றே வழி.

சாலை வண்டியும் மலை வண்டியும் கலந்த நகரத்து ஹைப்ரிட் வண்டிகள் 13 முதல் 15 கிலோ. முன்னால் 28 பல், பின்னால் 32 பல் என்ற சின்ன கியரில் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர்தான் நகரும். எந்த ஏற்றத்திலும் உட்கார்ந்தபடியே ஏறலாம். நாளுக்கு 20, 30 கி.மீ. கூடுதலாகவும் போகலாம். ஆனால் இதன் 700சி அளவு டயரும் டியூப்பும் மாவட்டத் தலைநகரில்கூட எல்லாக் கடையிலும் இருக்காது. மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பஞ்சர் கடைக் குழாய் பொருந்தாது, ஒரு அடாப்டர் எப்போதும் பையில் வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் ஒழுகினால் அதைச் சரிசெய்யப் பெரிய நகரம் வரை போக வேண்டும். பின் கேரியர் மாட்டத் துளை இல்லாத வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். சீட் கம்பியில் கவ்வும் கேரியர் பத்து கிலோவுக்கு மேல் தாங்காது, மேடு பள்ளத்தில் திரும்பிக்கொள்ளும்.

இன்னொரு நுட்பமான விஷயம் விலை. ஊரில் நிறுத்தியதும் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வண்டி என்ன விலை என்று மூன்று கேள்வி வரும். மூன்றாவதற்கு அறுபதாயிரம் என்று பதில் சொன்னதும் பேச்சின் சுருதியே மாறிவிடும். அதுவரை "வாங்க தம்பி" என்றவர் "சார்" என்று கூப்பிட ஆரம்பிப்பார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எங்கள் பரிந்துரை: அதிர்வுத் தாங்கி இல்லாத இரும்புச் சட்டம், 26 இஞ்ச் சக்கரம், முன்னால் மூன்று பின்னால் ஏழு கியர், ரிம்மை இருபுறமும் கவ்வும் வி-பிரேக், மோட்டார் பைக்கில் இருக்கிற மாதிரி தடித்த வால்வு. இந்த வால்வுக்கு எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். ஆறு, ஏழு, எட்டு கியர் வண்டிகள் மூன்றுக்கும் செயின் ஒன்றே. ஒன்பதுக்கு மேல் போனால் செயின் மெலிதாகிவிடும், சின்ன ஊரில் கிடைக்காது. பழைய வண்டியாக வாங்கி ஓவராயில் பண்ணி எடுத்தாலும் போதும்.

26 என்று கேட்டு வாங்கும்போது ஒரு கவனம். லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ டயரும் மலைச் சைக்கிளான எம்.டி.பி.யின் 26 × 1.95 டயரும் ஒன்றல்ல. டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்ற மாதிரி இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் ரிம்மின் அளவு. அது ஒத்துப்போனால்தான் டயர் உட்காரும். கறுப்பு சைக்கிளுக்கு 635, ஹைப்ரிட்டுக்கு 622, எம்.டி.பி.க்கு 559. டியூப் மட்டும் அவசரத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

கிராமத்தில் கடை இருக்குமா என்ற கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி, பீகாரில் 2006 முதல் பள்ளி மாணவிகளுக்கான சைக்கிள் திட்டம், மேற்கு வங்கத்தில் 2015 முதல் சபுஜ் சாத்தி என்ற சைக்கிள் திட்டம். இந்த மாநிலங்களில் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் சைக்கிள் கடையும் பெரும்பாலும் இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய கதையை அந்த மாவட்டத்துச் சிற்றூரில் ஐம்பது வயது கடந்த அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

உடையும் கம்பி

சுமை வண்டியில் முதலில் போவது பின் சக்கரத்தின் செயின் பக்கக் கம்பிதான். அந்தப் பக்கம் கம்பிகள் செங்குத்தாகவும் அதிக இறுக்கத்திலும் நிற்கின்றன. சுமையும் மிதியும் அங்கேதான் விழுகின்றன. ஹப்பில் வளையும் கழுத்தில் சோர்ந்து சோர்ந்து ஒடியும். புதுக் கம்பி போட ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். ஏழு கியர் ஃப்ரீவீலுக்கான கழற்றி கிராமத்துக் கடையில் இருக்காது. விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கருவியை நீங்கள் கொண்டுபோனால், அதைத் திருப்பும் பெரிய ஸ்பேனர் கடைக்காரரிடம் இருக்கும். உங்கள் சக்கரத்துக்கு அளந்த ஆறு கம்பிகளைச் சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வளைந்த சக்கரத்தை நேராக்கிக் கோட்டம் எடுக்கிற அவர் கைத்திறனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கட்டைவிரலைச் சட்டத்தில் ஊன்றி, கையில் இருக்கும் சாக்பீஸை ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடிப்பார். சக்கரம் சுற்றும்போது வளைந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்கும் மறையான நிப்பிளைக் கால் சுற்று இறுக்குவார், இந்தப் பக்கம் கால் சுற்றுத் தளர்த்துவார், கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றுவார். அவசரப்பட்டு ஒரே இடத்தில் முழுச் சுற்று இறுக்கினால் ரிம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். ஒரே பக்கத்தில் மூன்றாவது கம்பியும் உடைந்தால் ஒவ்வொன்றாக மாற்றுவதை விட்டுவிட்டுச் சக்கரம் முழுவதையும் புதுக் கம்பியில் கட்டிவிடுங்கள். மிச்சக் கம்பிகளும் அதே அளவு சோர்ந்துதான் இருக்கும்.

பையில் இவை இருந்தால் போதும்: இரண்டு டியூப், சொலூஷனும் ஒட்டுத் துண்டுகளும், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு பழைய டயர்த் துண்டு, பிரேக் கேபிள், கியர் கேபிள், பிரேக் கட்டை ஒரு ஜோடி, செயின் கட்டர், கை பம்ப். மொத்தச் சுமை 15 கிலோவைத் தாண்டக் கூடாது, அதில் மூன்று லிட்டர் தண்ணீரும் அடக்கம்.

இரவு எங்கே

லாட்ஜ்: சின்ன ஊர்களில் ஐந்நூறு முதல் எண்ணூறு ரூபாய்க்கு அறை கிடைக்கும். ஆதார் அசலும் நகலும் கேட்பார்கள். சைக்கிளை அறைக்குள் வைக்க அனுமதிப்பார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். குளித்து, துணி துவைத்து, கைப்பேசிக்குச் சார்ஜ் போட இதுதான் இடம். நான்கு இரவுக்கு ஓர் இரவு லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளலாம்.

குருத்வாரா: பஞ்சாபில் மட்டும் அல்ல, நாந்தேடு, பீதர் போன்ற ஊர்களிலும் பெரிய குருத்வாராக்கள் உண்டு. தலையை மூட வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், புகையிலையும் மதுவும் உள்ளே கூடாது. அலுவலகத்தில் அடையாள அட்டை காட்டினால் இடம் இருந்தால் தருவார்கள். எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு போடும் லங்கரில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகாமல் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் நில்லுங்கள், பேச்சு அங்கேதான் தொடங்கும். வடக்கே தர்மசாலைகள் எனும் யாத்திரிகர் சத்திரங்களும் இப்படித்தான், சில இடங்களில் தனியாக வரும் ஆளுக்கு அறை தரமாட்டார்கள்.

கிராமம்: மனிதர்களைச் சந்திக்க இதற்கு ஈடு இல்லை, முறை தெரிந்து கேட்க வேண்டும். மாலை நாலரை ஐந்துக்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு வரும் அந்நியனை யாரும் வரவேற்கமாட்டார்கள். டீக்கடையில் உட்காருங்கள். கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பிறகு ஊராட்சித் தலைவர், ஆசிரியர், கோயில் அல்லது சர்ச் பொறுப்பாளர் யாரைப் பார்க்கலாம் என்று விசாரியுங்கள். "உங்க வீட்டில் தங்கலாமா" என்று கேட்கக் கூடாது. "ராத்திரி படுக்கப் பத்திரமான இடம் ஏதாவது இருக்குமாண்ணே" என்று கேட்டால் பள்ளி வராண்டாவோ சமுதாயக் கூடமோ காட்டுவார்கள். மனசிருந்தால் அவர்களே வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அவர்கள் கேட்கும் முன்பே அடையாள அட்டையைக் காட்டிவிடுங்கள். காலையில் பணம் நீட்டினால் மனம் சங்கடப்படும். முந்தின மாலையே பழமோ பிஸ்கட்டோ வாங்கி வீட்டுப் பெரியவர் கையில் கொடுப்பது முறை.

குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள். 2018ல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, திருவண்ணாமலை மாவட்டம் உட்படப் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் வழி கேட்டு நின்றவர்களும் உண்டு. படம் எடுப்பதாக இருந்தாலும் பெற்றவர்களிடம் கேட்டுவிட்டே எடுங்கள். ஊரில் சந்தேகப் பேச்சு எழுகிறது என்று தெரிந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். 112க்கு அழைத்துவிட்டு, காவல் நிலையம் உள்ள ஊருக்குப் போய்விடுங்கள்.

கூடாரம் நம் நாட்டில் கடைசித் தேர்வு. ஒதுக்குப்புறம் என்று நினைத்த இடத்தில் பத்து நிமிடத்தில் இருபது பேர் கூடிவிடுவார்கள். பெட்ரோல் பங்கில் மேலாளரைக் கேட்டு, விளக்கு வெளிச்சம் படும் ஓரமாக அடிப்பது பாதுகாப்பு. பெண்கள் தனியாகப் போகும்போது கிராமத்தில் முதலில் பெண்களிடமே பேசுவதும், அங்கன்வாடி அல்லது பள்ளி ஆசிரியை வழியாக இடம் கேட்பதும் நல்லது. மற்ற இரவுகளில் லாட்ஜ்.

துணைக்கு எத்தனை பேர் என்பதும் இதோடு ஒட்டியதுதான். ஒருவரையோ இருவரையோ வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். நான்கு பேராகப் போனால் லாட்ஜ் எங்கே இருக்கிறது என்று வழி காட்டுவார்கள்.

கிளம்பும் காலமும் திரும்பும் ரயிலும்

தெற்கிலிருந்து கிளம்ப ஜனவரி முதல் வாரம் பொருத்தம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். மத்தியப் பிரதேசத்தைப் பிப்ரவரியில் கடக்கலாம், பஞ்சாபுக்கு மார்ச்சில் சேரும்போது மூடுபனி விலகியிருக்கும். நவம்பரில் கிளம்பினால் தமிழ்நாட்டில் மழை, வடக்கே சேரும்போது பத்தடி தெரியாத பனி. வடகிழக்கு மாநிலங்கள் திட்டத்தில் இருந்தால் அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் உள்நுழைவு அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும்.

திரும்பும்போது சைக்கிளை ரயிலில் லக்கேஜாகவோ பார்சலாகவோ போடலாம். பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால் நீங்கள் போகும் ரயிலிலேயே வரும் என்பது கணக்கு. பார்சல் பின்னால் வரும் வண்டியில் வரலாம். ரயில் கிளம்பும் நிலையத்திலேயே பதியுங்கள், நடுவழியில் இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் ஏற்றமாட்டார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் பார்சல் அலுவலகத்தில் இருங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, கியர் பகுதியை அட்டையும் சாக்கும் சுற்றி மூடுங்கள். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், பெயர், கைப்பேசி எண் நான்கையும் அழியாத மையில் இரண்டு இடத்தில் எழுதிக் கட்டுங்கள். விளக்கு, பம்ப், பை எதையும் வண்டியில் விடாதீர்கள். சேரும் இடத்தில் ரசீதைக் காட்டி அன்றே எடுத்துவிடுங்கள், தாமதித்தால் நிலையத்தில் கிடப்பதற்கான வார்ஃபேஜ் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.